சான் டியாகோவிலிருந்து ராத்திரிப் படகில் சூரை (டூனா மீன்) பிடிக்கப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்துவிட்டால் போதும், ஆபீஸ் நண்பர்களில் ஆரம்பித்து தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் ஒரே ஒரு தடவை பார்த்தவர்கள் வரை போன் செய்து கேட்பார்கள்: "நீங்க அந்த ராத்திரிப் படகுல போவீங்களாமே, நாங்களும் போகலாமா?" தாராளமாகப் போகலாம். ஆனால் தயாராகப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ராத்திரிப் படகு என்றால் என்ன? எப்போது கிளம்பும், எப்போது திரும்பும்?

ராத்திரி எட்டு, ஒன்பது, பத்து மணி வாக்கில் கிளம்பும். நீங்கள் தூங்கும்போது படகு ஓடிக்கொண்டே இருக்கும், விடியும்போது மீன் இருக்கும் கடலில் நிற்பீர்கள், பகல் முழுக்கப் பிடித்துவிட்டு சாயங்காலமோ முன்னிரவிலோ கரை திரும்புவீர்கள். பாயின்ட் லோமா பகுதியில் எச் அண்ட் எம், ஃபிஷர்மேன்ஸ், பாயின்ட் லோமா என்று மூன்று படகுத் துறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மிஷன் பேயில் சீஃபோர்த் இருக்கிறது. எதில் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. இருபது முப்பது பேர் தனித்தனியாக டிக்கெட் எடுத்து ஏறும் பெரிய படகு ஒன்று. ஆறு பேர் வரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் சின்ன வாடகைப் படகு இன்னொன்று, இதை இங்கே 'சிக்ஸ் பேக்' என்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பெரிய படகைத்தான் சொல்வேன். அலையில் ஆட்டம் குறைவு, படுக்கை இருக்கும், சமையலறை இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள். நண்பர்கள் இருபது பேர் சேர்ந்துவிட்டால் பெரிய படகையே மொத்தமாக வாடகைக்கு எடுத்துவிடலாம், அதைப் போல ஒன்று கிடையாது.

எவ்வளவு செலவாகும்?

டிக்கெட் மட்டும் ஆளுக்கு சுமார் 300 முதல் 400 டாலர் வரை, படகையும் ஏற்றும் ஆள் எண்ணிக்கையையும் பொறுத்து. அதற்கு மேல் தூண்டில் கோல் வாடகை, சாப்பாடு (சில படகில் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும், சிலவற்றில் தனி), மீன் சுத்தம் செய்யும் கூலி, டிப்ஸ். டிப்ஸை மறந்துவிடாதீர்கள். டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கம். படகில் வேலை செய்யும் பையன்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உழைப்பதை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தால் நீங்களே கூடக் கொடுப்பீர்கள்.

லைசென்ஸ் வேண்டுமா? பாஸ்போர்ட் எதற்கு?

16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாருக்கும் கலிபோர்னியா மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். 2023 முதல் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும்படி மாற்றிவிட்டார்கள். முன்பு போல டிசம்பரில் வாங்கி ஒரே மாதத்தில் வீணாவதில்லை. வருஷ லைசென்ஸ் எடுத்தால், தெற்குக் கலிபோர்னியா கடலுக்கென்று ஒரு கூடுதல் முத்திரையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் லைசென்ஸுக்கு அது தேவையில்லை.

பாஸ்போர்ட் கேட்பது எதற்கென்றால், சான் டியாகோவிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனாலே மெக்சிகோ கடல் வந்துவிடும். மீன் அந்தப் பக்கம் இருந்தால் படகு அங்கேதான் போகும், அதற்கான மெக்சிகோ அனுமதியைத் துறையிலேயே எடுத்துத் தருவார்கள். எச்1பி போன்ற விசாவில் இருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி இருந்தால், அமெரிக்கக் கடலுக்குள் மட்டும் போகும் பயணத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் பேசிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் மீன்பிடிப்புக்காக விசாவில் சிக்கலை இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு தூரம் போகும்?

மீன் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மெக்சிகோவின் கொரொனாடோ தீவுகள் கிட்டத்தில் இருக்கின்றன. மேற்கே போனால் கடற்படைக்குச் சொந்தமான சான் க்ளெமென்டே தீவு. இன்னும் மேற்கே, கரையிலிருந்து சுமார் நூறு மைலில் டேனர், கோர்டெஸ் என்ற கடலடி மேடுகள். கோர்டெஸ் மேட்டில் பிஷப் ராக் என்ற பாறை நடுக்கடலில் நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே வரை எழும்பி நிற்கிறது. தெற்கே இருக்கும் கடலடிக் குன்றுகளுக்குப் பெயரே எண்தான்: 302, 371, 425. வரைபடத்தில் அந்தக் குன்றின் உச்சிக்கு மேல் போட்டிருக்கும் ஆழம் அது, 'ஃபேதம்' கணக்கில். ஒரு ஃபேதம் ஆறு அடி. என் மாமனார் தூத்துக்குடிக்காரர், போன வருஷம் அவரைக் கூட்டிப்போனபோது இதைச் சொன்னேன். "நம்ம பாகக் கணக்குதானே மாப்பிள்ளை" என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். அதேதான். ஒரு ஆள் கைகளை விரித்தால் ஒரு பாகம். 371 பாகம் என்றால் 2,226 அடி ஆழம்.

என்ன மீன் கிடைக்கும்?

எல்லாரும் தேடிப்போவது புளூஃபின் சூரை. இருபது பவுண்டும் இருக்கும், இருநூறு பவுண்டைத் தாண்டியும் இருக்கும். அப்புறம் மஞ்சள் துடுப்புச் சூரை, நம்மூரில் கேரை என்பது இதுதான். வரிச்சூரை வரும். யெல்லோடெயில் வரும், இது நம் பாறை மீன் குடும்பம், மாட்டியதும் கீழே கடற்பாசிக்கும் பாறைக்கும் ஓடும் குணமும் அதே மாதிரி. நீர் சூடான வருஷங்களில் மாஹிமாஹி, பச்சையும் தங்கமுமாக ஜொலித்துக்கொண்டு வரும். நடுக்கடலில் பிய்ந்து மிதக்கும் கெல்ப் பாசித் திட்டைப் பார்த்தால் படகு அங்கே ஒதுங்கும், அந்தத் திட்டின் நிழலுக்கடியில்தான் யெல்லோடெயிலும் மாஹிமாஹியும் நிற்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். எந்த மாதம் போனாலும் ராத்திரி குளிரும். வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் இறங்கி வரும் கடல் இது, சென்னைக் கடற்கரைக் காற்றை நினைத்துக்கொண்டு டி-ஷர்ட்டோடு வராதீர்கள். ஒரு ஜாக்கெட், தொப்பி, ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

வாந்தி வருமா?

வரலாம். வந்தால் அந்த நாள் போச்சு, திரும்பி வர வழியே கிடையாது, ஒருவருக்காகப் படகைத் திருப்ப மாட்டார்கள். அதனால் இதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெக்லிசின் மாத்திரை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். படகில் ஏறிய பிறகோ தலை சுற்றிய பிறகோ போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியே ஒன்று போட்டுக்கொள்வதும் நல்லது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். ரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவர்கள் எதையும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

ஏறுவதற்கு முன் பிரியாணி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். நாலு இட்லி, இல்லையென்றால் தயிர்சாதம், அது போதும். குமட்டினால் உள்ளே போய்ப் படுக்காமல் பின்பக்கம் காற்றில் நின்று அடிவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள்.

ராத்திரி எங்கே தூங்குவது? விழித்திருந்தால் என்ன?

கீழ்த்தளத்தில் அடுக்கடுக்காகப் படுக்கைகள் இருக்கும், உங்கள் எண் போட்ட படுக்கை உங்களுக்கு. குறுகல்தான், எஞ்சின் சத்தமும் டீசல் வாடையும் இருக்கும். காதடைப்பான் கொண்டுபோங்கள். போர்வை தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: தூங்குங்கள். மறுநாள் உங்களுக்கு மீன் கிடைக்குமா கிடைக்காதா என்பதில் பாதி அந்த நாலைந்து மணி நேரத்தில்தான் இருக்கிறது. என் முதல் பயணத்தில் நான் உற்சாகத்தில் மேல்தளத்தில் உட்கார்ந்து இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தேன். காலை ஆறரைக்குப் படகைச் சுற்றிக் கடல் கொதிக்கிற மாதிரி சூரை எழும்பியபோது எனக்குக் கை நடுங்குகிறது, முடிச்சு விழவில்லை, வயிறு புரட்டுகிறது. மாட்டிய ஒரே மீனையும் விட்டேன். பக்கத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர், ஒன்பது மணிக்கே படுத்து எழுந்து வந்தவர், சத்தமில்லாமல் இரண்டு புளூஃபின் ஏற்றிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கோலில் முடிச்சுப் போடுவது, தூண்டில் முள் கட்டுவது எல்லாவற்றையும் துறைமுகத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள். அப்புறம் படுக்கை.

ராத்திரியில் கீழே தூங்குவது பாதுகாப்பா?

நியாயமான கேள்வி. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் சான்டா க்ரூஸ் தீவுக்குப் பக்கத்தில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்துபோனார்கள். ராத்திரி முழுக்கச் சுற்றிவந்து காவல் பார்க்க ஆள் நிறுத்தாததுதான் பெரிய குற்றமாக விசாரணையில் வந்தது, அதன் கேப்டனுக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அதற்குப் பிறகு கடலோரக் காவல்படையின் விதிகள் இறுகியிருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது: ஏறியதும் சொல்லும் பாதுகாப்பு அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். படுக்கைக்குப் போனதும் ஏறும் படியையும் அவசர வழியையும் கண்ணால் பாருங்கள், ஒரு தடவை நடந்தும் பாருங்கள். உயிர்காப்பு உடுப்பு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். பவர் பேங்கையும் போனையும் படுக்கையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். "ராத்திரி காவலுக்கு யார்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், யாரும் முகம் சுளித்ததில்லை.

சொந்தக் கோல் வாங்க வேண்டுமா?

முதல் தடவை வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். ஒரு கோல் போதாது. உயிர் இரைக்கு 30 அல்லது 40 பவுண்டு தூண்டில் நரம்பு போட்டது ஒன்று, ராத்திரி ஜிக் (மீன் மாதிரி செய்த உலோக இரை) போட 80 அல்லது 100 பவுண்டு கனத்தில் ஒன்று, இரண்டும் எடுத்தால் போதும். மீனுக்குத் தெரியாத ஃபுளோரோகார்பன் நரம்பு நுனிக்கு, வட்டமுள் சில அளவுகளில், ஈயக்குண்டு, ரப்பர் பேண்ட். மற்றதைத் துறையில் உள்ள கடையிலேயே கேளுங்கள், அன்றைக்கு மீன் எதைத் தின்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உயிர் இரை என்கிறார்களே, அது எப்படி?

படகு துறையை விட்டதும் நேராகக் கடலுக்குப் போகாது. வளைகுடா நடுவில் இரைக் கூண்டுகள் மிதக்கும், அங்கே ஒதுங்கும். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேர் வலையால் அள்ளி அள்ளி, உயிரோடு துள்ளும் சாளையை (மத்தி) படகின் தொட்டிக்குள் கொட்டுவார்கள். சில நாள் நெத்திலி. சுற்றிலும் கடல்சிங்கங்கள் மிதவைகளில் ஏறிப் படுத்துக்கொண்டு குரைக்கும். என் மாமனார் வெகுநேரம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இம்புட்டு சாளையும் இரைக்கா? நாங்க இதைத்தான் குழம்பு வைப்போம்" என்றார்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தொட்டியில் கைக்கு முதலில் வருகிற சாளையை எடுக்காதீர்கள், கைக்கு எளிதாக வருவது பலவீனமானது. மூக்கு சிவக்காத, செதில் உதிராத, முதுகு பச்சையாகப் பளபளக்கிற, தப்பி ஓடுகிற ஒன்றைப் பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு மெதுவாகப் பிடியுங்கள், இறுக்கினால் செத்துவிடும். மூக்கின் குறுக்கே முள்ளைக் கோத்து, வீசி அடிக்காமல் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கத்தில் நின்று மெல்ல விடுங்கள். ரீலைத் திறந்துவிட்டு, கட்டைவிரல் மட்டும் நரம்பின் மேல் பட்டும் படாமலும். சாளை படகை விட்டு விலகி நீந்த வேண்டும். நீந்தாமல் சும்மா சுற்றினால் உடனே மாற்றுங்கள், பத்து தடவை மாற்ற வேண்டியிருந்தாலும் சரி.

முதலில் விரலுக்கடியில் சாளையின் வாலாட்டம் தெரியும். அப்புறம் திடீரென்று அது பதறும், நரம்பு படபடவென்று நடுங்கும். பின்னால் ஏதோ வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடி நரம்பு ஓட ஆரம்பிக்கும். இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிவிட்டு ரீலை மூடுங்கள், கோலை நீட்டியபடி சுற்றுங்கள். வட்டமுள் தானாகப் போய் வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். ஊரில் கையில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் வெடுக்கென்று இழுப்பார்கள், வட்டமுள்ளில் அப்படி இழுத்தால் முள் வெளியே வந்துவிடும்.

மாட்டிய பிறகு?

மீன் எங்கே போகிறதோ அங்கே நீங்களும் போங்கள். அவ்வளவுதான் விதி. நரம்பு எப்போதும் உங்களுக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும், சாய்ந்தால் பக்கத்து ஆள் நரம்போடு சிக்கும், இரண்டு பேர் மீனும் போகும். மீன் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், ஓடினால் மற்றவர்களின் கோலுக்கு மேலும் கீழும் நுழைந்து அணியத்துக்கு நடங்கள். ஊழியர் "மேல போ, கீழ போ, நட, நட" என்று கத்துவார், கோபமாகத்தான் கேட்கும், ஆனால் அது கோபமில்லை. இருபது நரம்பு தண்ணீரில் இருக்கும்போது அவர் ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் முதல் மீனை விட்டதும் இதனால்தான், அவர் போகச் சொல்லியும் நான் நின்ற இடத்திலேயே நின்று சண்டை போட்டேன், நரம்பு படகின் மூலையில் உரசி அறுந்தது.

மீன் மேலே வரும்போது கொக்கிக் கழியோடு ஊழியர் குனிவார். அந்த நேரம் ரீலைத் தொடாதீர்கள், பின்னால் ஒரு அடி நகருங்கள். மேலே விழுந்த சூரையின் வாலடி காலில் பட்டால் நிற்க முடியாது.

இருட்டிலேயே பிடிப்பார்களாமே?

ஆமாம், புளூஃபின் ராத்திரியிலும் தின்னும், பெரிய மீன் பல அப்போதுதான் கிடைக்கிறது. கேப்டன் சோனாரில் கூட்டத்தைப் பார்த்து எல்லாரையும் எழுப்பி, "இருநூறு அடி" என்று ஆழம் சொல்வார். இருட்டில் ஒளிரும் கனமான ஜிக்கை அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பின்னல் நரம்பு இருந்தால் கணக்கு சுலபம். பல நேரம் ஜிக் கீழே இறங்கும்போதே அடிக்கும், நரம்பு சட்டென்று தளர்ந்து நின்றால் ரீலை மூடிவிட்டு வேகமாகச் சுற்றுங்கள்.

பெண்கள், பிள்ளைகள் வரலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

வரலாம், வருகிறார்கள். கழிவறை உண்டு, குளியலை எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு முதலில் ஒரு அரை நாள் படகில் பழக்கிவிட்டு, பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் கூட்டிவாருங்கள், அது என் கருத்து. சமையலறையில் முட்டை, பர்கர், பரிட்டோ கிடைக்கும். சைவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தால் கவலையே இல்லை. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் வராது என்பது இங்கே பலருக்கு ஆழமான நம்பிக்கை, அவர்கள் படகில் அவர்கள் நம்பிக்கையை மதிப்போம்.

ஆளுக்கு எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம்?

புளூஃபின் ஒரு நாளைக்கு ஆளுக்கு 2. 2015-க்கு முன் 10 ஆக இருந்தது. குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மீன் பிறப்பதே பசிபிக்கின் அந்தக் கரையில், ஜப்பானையும் தைவானையும் ஒட்டிய கடலில். ஒரு பங்கு குஞ்சுகள் ஓரிரு வயதில் பெருங்கடலைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து, சில வருஷம் தின்று வளர்ந்து, முட்டையிட மறுபடி அங்கேயே போகின்றன. 2016-இல் வந்த மதிப்பீட்டின்படி, மீன்பிடிப்பே இல்லாமல் இருந்தால் இருந்திருக்கக்கூடிய முட்டையிடும் கூட்டத்தில் 2.6 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. எல்லா நாடுகளும் சேர்ந்து பிடிப்பைக் குறைத்தார்கள், 2024 மதிப்பீட்டில் அது 20 சதவீத இலக்கையே தாண்டிவிட்டது. கடலில் ஒரு மீன் இவ்வளவு வேகமாக மீண்டது பெரிய விஷயம். அதனால் இரண்டு பிடித்ததும் புளூஃபினுக்குத் தூண்டில் போடுவதை நிறுத்துங்கள், மனசாரவே நிறுத்துங்கள்.

பிடித்த மீனை விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. மெக்சிகோ கடலில் அளவுகள் வேறு, மாஹிமாஹி அங்கே 2 தான்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்?

அப்படியும் நடக்கும். பணம் திரும்ப வராது. கடலில் யாரும் உத்தரவாதம் தர முடியாது, தருவதாகச் சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

என் மீன் எதுவென்று எப்படித் தெரியும்? வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

ஏறும்போது உங்களுக்கு ஒரு எண் தருவார்கள், மீன் மேலே வந்ததும் அந்த எண்ணைச் சொல்லுங்கள், செவுளில் சீட்டு மாட்டிவிடுவார்கள். உடனே ரத்தம் வடியவிட்டு, குளிரூட்டிய கடல்நீர்த் தொட்டிக்குள் போடுவார்கள். சூரை மற்ற மீன் மாதிரி இல்லை, அதன் உடம்பு சூடானது, சண்டை போட்டபின் இன்னும் சூடாகும். குளிர வைக்காமல் விட்டால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும், அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, தின்றால் முகம் சிவந்து தலைவலி வாந்தி வரும். எனவே காரில் பெரிய ஐஸ் பெட்டியும் நிறைய ஐஸும் முதல் நாளே வைத்துவிட்டுப் படகில் ஏறுங்கள். நீங்கள் இறங்கும் நேரத்தில் ஐஸ் தேடி அலையத் தெம்பு இருக்காது.

படகிலேயே வெட்டினால் சூரையை ஆறு பாகமாக, தோலோடு, தனித்தனிப் பையில் வைத்துத் தருவார்கள்: நாலு சதைத் துண்டு, கழுத்துப் பகுதி, வயிற்றுப் பகுதி. அதிகாரிகள் பார்த்தால் எந்தச் சூரை என்று அடையாளம் தெரிவதற்காக உள்ள விதி அது, கரைக்கு வரும் வரை தோலை உரிக்காதீர்கள்.

வயிற்றுப் பகுதியைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். உப்பும் மிளகும் தடவி இரும்புக் கல்லில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம், போதும். கறுஞ்சிவப்பாக நடுவில் ஓடும் சதையைத் தனியாக எடுத்து வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய் போட்டுப் புட்டு செய்யலாம், அதில் வீண் என்று ஒன்றும் இல்லை. கழுத்துப் பகுதிதான் குழம்புக்கு. மாமனார் அன்றைக்கு ராத்திரி வந்து கைகால் கழுவியதும் புளியைக் கரைக்கச் சொன்னார். மாங்காய் போட்டு, கொதி வந்து எண்ணெய் மிதந்த பிறகு கடைசியில் துண்டுகளை இறக்கி, ஐந்தே நிமிஷத்தில் அடுப்பை அணைத்துவிட்டார். "சூரையைக் கூட வேகவிட்டா கட்டையாயிரும்" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தார். மறுநாள் காலையில் தோசைக்கு அந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருந்தது.